நீலக் கட்டைவிரல்

சேலம் அம்மாபேட்டையில் எவனாவது கீழுதட்டில் நீலக் கறையோடு நடந்து போனால், அவன் எங்கள் பேண்டு செட்டில் சேரப் போய்வந்திருக்கிறான் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். மாஸ்டர் அவன் வாயைத் திறந்து பார்த்திருக்கிறார். பகலெல்லாம் சாயப்பட்டறையில் நூலை முக்கி முக்கி அவர் கைகள் முழங்கை வரை நீலம். சீயக்காய்க்கும் போகாது, செங்கல் பொடிக்கும் போகாது. வியர்த்தால் மட்டும் கசியும். அவருக்கோ புதிதாக ஒரு வாயைக் கண்டால் ஆசையில் கை வியர்த்துவிடும். கட்டைவிரலால் உதட்டைப் புரட்டி, வெளிச்சத்துக்குத் திருப்பி, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அப்புறம் அந்த உதடு இரண்டு மூன்று நாளைக்கு நாவல்பழம் தின்ற உதடு.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் தெரியாது. மாதா கோயில் பாதிரியார் முதல் அவர் மனைவி வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. நான் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். பகல் முழுக்கக் கிழிபடும் துணியின் சத்தம். சாயங்காலம் அம்மாபேட்டையில் ஒரு கார்னெட் குழலின் சத்தம். கிழிந்ததையெல்லாம் அது ஒரே மூச்சில் தைத்துப் போட்டது. பித்தளையில் காய்ச்சிய அந்தக் குரலுக்காகத்தான் போய் நின்றேன். மாஸ்டர் என் கையைப் பார்க்கவில்லை, மூச்சைப் பார்க்கவில்லை. நேரே கட்டைவிரல்.

"உங்கப்பனுக்குப் பல்லு இருக்குதா?"

"முன்னால இல்லீங்க."

"அம்மாளுக்கு?"

"கடவாய்ல போயிருச்சுங்க."

"உங்க ஊட்டுல யாராச்சும், பல்லு வலிக்காத நாள்ல, சும்மா டாக்டர்கிட்டப் போயிருக்காங்களா?"

நான் சிரித்துவிட்டேன். வலிக்காமல் எவன் போவான்?

"சிரிச்சுக்க சாமி. இந்தச் சிரிப்பு நாப்பது வயசு வரைக்குந்தான். முன்பல்லு ரெண்டும் போயிரும். சைடு டிரம் எடுத்துக்க."

அவ்வளவுதான். கார்னெட் போயிற்று. கழுத்தில் டிரம் விழுந்தது.

ஊதுகிறவனுக்கு முன்பல்தான் அஸ்திவாரம். அதன்மேல்தான் உதடு நிற்கும், உதட்டின்மேல் பித்தளை நிற்கும், பித்தளைமேல் பாட்டு நிற்கும். அதனால் எங்கள் செட்டின் வரிசையே ஒரு வாயின் கதை. முன்னால் கார்னெட்காரர்கள். ஒரு பல் ஆடினால் பின்னால் நகர்ந்து யூஃபோனியம் என்கிற பெரிய குழல்; அதன் வாய் அகலம், பல்லுக்குச் சற்று இரக்கம் காட்டும். அதுவும் முடியாதவனுக்கு ஜால்ரா. கடைசியில், கோயில் தேருக்கு ஒரு முழம் முன்னால், பெரிய டிரம். அதை அடிக்கப் பல் வேண்டியதில்லை. அடித்துக்கொண்டிருந்தவர் அந்தோணி அண்ணன். ஒரு காலத்தில் முதல் கார்னெட். ஐம்பது வயதுக்குள் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு ஊரையே சுற்றி வந்தவர். பற்கள் போனதில் அவருக்கு லாபம் நாக்கு. தடுக்க ஆளில்லாமல் அது இஷ்டத்துக்கு ஓடும்.

மாஸ்டருக்குச் சோறு இறங்குவதே அடுத்தவன் மெல்லுவதைப் பார்த்துத்தான். கல்யாணப் பந்தியில் எங்களுக்கு இலை போட்டிருப்பார்கள். அவர் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்வரிசையை எடை போட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை, கரும்பை முழங்கையளவுக்கு உரித்துத் தின்ற ஒரு தறிக்கார இளவட்டத்தைக் காட்டினார். முத்துக் கோத்தாற்போல் பல்.

"நிக்காது."

பக்கத்திலேயே ஒரு நூல் வியாபாரி. வாய் நிறையச் சொத்தை. அப்பளத்தைக்கூடப் பருப்பில் ஊறவைத்துத்தான் தின்றார்.

"இது நிக்கும். எழுவது வயசுலயும் நிக்கும்."

"எப்படிங்க மாஸ்டர்?"

"அவங்க ஊட்டுல ஆறு மாசத்துக்கொருக்கா எல்லாரும் வண்டி கட்டிட்டு டாக்டர்கிட்டப் போவாங்க. வலிக்கறப்பப் போறவன் பல்லைக் குடுத்துட்டு வாரான். வலிக்காதப்பப் போறவன் பல்லை வாங்கிட்டு வாரான்."

அந்தோணி அண்ணன் இலையைவிட்டுத் தலை தூக்கினார். "அப்ப நீங்க ஊட்டு வாசப்படியப் பாத்துத்தான் சொல்றீங்க. பின்ன எதுக்கு மாஸ்டர் எங்க வாய்ல சாயத்தப் பூசறீங்க?"

பந்தி சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். அவர் பற்கள் வெள்ளை வெளேரென்று வந்து நின்றன, நீலக் கைகளுக்கு நடுவில் ஒரு மல்லிகைச் சரம் மாதிரி.

அந்த வெள்ளைக்கு ஒரு கதை உண்டு. கடைவீதி மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். பட்டணத்தில் படித்தவர். நல்ல மனிதர், ஓய்வில்லாதவர். அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் எங்கள் செட் இலவசமாக வாசிக்கும். பதிலுக்கு மாஸ்டரின் வாயை அவர் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்த்துக் கொடுப்பார். அன்றைக்கு மாஸ்டர் தேருக்குப் போகும் உடுப்பில்தான் மாடியேறுவார். சிவப்புக் கோட்டு, தோளில் சரிகைக் குஞ்சம். வாசல் பெஞ்சில் கன்னத்தில் துண்டு கட்டிக்கொண்டு முனகும் கூட்டத்துக்கு நடுவில், எந்த வலியும் இல்லாமல், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போது நடையே வேறு.

"எங்க மூச்சு, உங்க பல்லு," என்பார் அந்தோணி அண்ணன். "நல்ல பண்டமாத்து."

மாஸ்டர் கேட்காத மாதிரி கார்னெட்டின் வாய்முனையைக் கழற்றி எச்சிலை உதறுவார்.

இந்த நிலையில்தான் பழனிச்சாமி வந்தான். எருமப்பட்டிப் பக்கத்து ஆள், கூலித்தறி ஓட்ட சேலம் வந்தவன். முன்பு ஏதோ நாடகக் கம்பெனியில் கார்னெட் ஊதியிருக்கிறான். வாயைத் திறந்தான், மாஸ்டரின் கட்டைவிரல் பின்வாங்கிவிட்டது. பல்லெல்லாம் பழுப்பு. குறுக்கே குறுக்கே கோடு, துருப்பிடித்த தகரம் மாதிரி.

"பொகையிலையா?"

"பழக்கமே இல்லீங்க. எங்கூர்ல எல்லாருக்கும் இப்படித்தானுங்க. கெணத்துத் தண்ணி வாகுன்னு சொல்றாங்க."

"ரெண்டு தேருக்குத் தாங்காது. ஜால்ரா எடுத்துக்க."

அவன் ஜால்ராவை எடுக்கவில்லை. கேட்காமலே மாஸ்டரின் கார்னெட்டை எடுத்து, வேட்டியில் துடைத்து, ஊதினான். என்ன பாட்டு என்று இப்போது நினைவில்லை. தெருவில் தறிக்குப் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் கையில் நூலோடு அப்படியே நின்றது நினைவிருக்கிறது. ஊதி முடித்துக் கருவியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

"தறிக்குழியில பொழுதுக்கும் குனிஞ்சே கெடக்கறனுங்க மாஸ்டர். இத ஊதறப்பத்தானுங்க நிமுர்றேன். இதுமட்டும் இல்லீன்னா குனிஞ்சது குனிஞ்சதுதானுங்க."

மாஸ்டர் வாய்முனையைக் கழற்றி உதறினார். "சரி, ஊது. பல்லு போறவரைக்கும் ஊது," என்றார்.

ஒரு தேர் முடிந்தது. இரண்டாம் தேரும் முடிந்தது. பழுப்புப் பற்கள் நின்றன. மாஸ்டருக்கு அதில் ஒரு மனத்தாங்கல்கூட இருந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் வாயைப் புரட்டிப் பார்ப்பார். வானிலை அறிக்கை பொய்த்துப்போன மனிதரைப்போல முகத்தைச் சுளிப்பார்.

அப்புறம் மல்லசமுத்திரத்துக் கல்யாணம். காலை வெயிலில் மாப்பிள்ளை ஊர்வலம். எங்களுக்குப் பின்னால் சீர் வண்டி. எவனோ ஒருவன் கேட்காமல் கொள்ளாமல் ஓர் அதிர்வேட்டைப் போட்டான். மாடு மிரண்டு, பின்வரிசையைப் பிளந்துகொண்டு முன்னால் பாய்ந்தது. நுகத்தடி பழனிச்சாமியின் முழங்கையில் மோதியது. ஊதிக்கொண்டிருந்த கார்னெட் அவன் வாய்க்குள் இறங்கியது. பாட்டு பாதியில் அறுந்தது. குனிந்து நின்றவன் நிமிரும்போது மேல்வரிசை முன்பல் ஒன்று வாசல் கதவுபோலத் திறந்து தொங்கியது. வெள்ளைச் சட்டை மார்பெல்லாம் சிவப்பு.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, "மாஸ்டருங்க, இனி ஊதலாமுங்களா?"

கிடைத்த பஸ்ஸில் ஏறினோம், அவன், மாஸ்டர், நான். சேலத்தில் இறங்கி நேரே மாடி. பெஞ்சில் உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து ஓர் இளைஞன் வெளியே வந்தான். நகைக்கடை வீட்டுப் பிள்ளை, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறான். அவன் முன்பற்களில் மெல்லிய கம்பி மின்னியது. ஆடிய பல்லை அக்கம்பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டியிருந்தார் டாக்டர். படி வரைக்கும் வந்து வழியனுப்பினார். "வாரம் ஒரு தடவை வந்து காட்டணும் தம்பி. ஊன்றிக்கும்."

பழனிச்சாமியை உட்காரவைத்துப் பார்த்தார். மென்மையாகத்தான் பார்த்தார். "எடுத்துடலாம்," என்றார்.

மாஸ்டர் கதவருகே நின்றிருந்தார். "இப்பப் போன தம்பிக்குக் கம்பி கட்டுனீங்களே டாக்டருங்க. அடி ஒரே மாதிரிதானுங்களே?"

"அடி ஒண்ணுதான் மாஸ்டர். ஆனா கம்பி கட்டினா வாராவாரம் வரணும். அவங்க வருவாங்க. இவங்க வரமாட்டாங்க. வலி நின்னதும் தறிக்குப் போயிடுவாங்க. கம்பி உள்ளேயே கிடந்து புண்ணாகி, பக்கத்துப் பல்லையும் இழுத்துட்டுப் போயிடும். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! வலிக்கிறப்ப வர்றவங்களுக்குப் பல்லு நிக்காது. நீங்களே அடிக்கடி சொல்றதுதானே?"

தன் வாக்கையே வேறொருவர் வாயிலிருந்து, சுத்தமாக, சோப்பு வாசனையோடு கேட்ட மாஸ்டரின் முகத்தை நான் பார்த்தேன். முதலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. ஆமாம், பெருமைதான். அது அங்கேயே செத்தது. அப்புறம் காது, கழுத்து, சிவப்புக் கோட்டின் நிறத்துக்கே முகம் வந்துவிட்டது.

"அத நான் சொல்லலாமுங்க!" என்று கத்தினார். "நீங்க சொல்லக் கூடாது!"

"ஏன் மாஸ்டர்?"

"நான் சொன்னா அது வெறும் பேச்சுங்க. நீங்க சொன்னா பல்லு போயிருதுங்க!"

டாக்டரின் கை இடுக்கியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் இரண்டே எட்டில் போய் அந்தக் கையை, வெள்ளைக் கோட்டின் முழுக்கைக்கு மேலே, இறுகப் பிடித்துவிட்டார். "கட்டுங்க. வாராவாரம் நான் கூட்டியாரேன். இனி என்னோட முறையெல்லாம் இவனுக்குப் போட்டுக்குங்க. எம்பட வாயப் பாக்க வேண்டாம்."

"முதல்ல கையை எடுங்க."

எடுத்தார். வெள்ளைக் கோட்டில் ஐந்து விரலும் அச்சாக, நீலமாக. டாக்டர் அதைப் பார்த்தார். மாஸ்டர் அதைப் பார்த்தார். வாயைப் பிளந்து நாற்காலியில் கிடந்த பழனிச்சாமிகூடக் கண்ணைச் சாய்த்துப் பார்த்தான். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. "இது துவைச்சா போகுமா?" என்றார் டாக்டர். "போகாதுங்க," என்றார் மாஸ்டர், தொழில் கர்வத்தோடு. டாக்டர் கம்பியை எடுத்தார்.

கட்டுவது ஒரு நாள் வேலை. வருவதல்லவா பெரிய வேலை. செவ்வாய்க்கிழமை தோறும் பழனிச்சாமி தறியைவிட்டு எழுந்தால், அந்தக் குழியில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான். தறி முதலாளிக்கு ஆளா இல்லை? அதனால் எங்கள் செட்டின் தறிக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு அவன் குழியில் இறங்கினார்கள். அந்தோணி அண்ணன் நெய்த அன்றைக்குக் கரை கோணி, அந்தச் சேலை பாம்பு போன தடம் மாதிரி வந்தது. "டிரம் அடிக்கற கை, அப்படித்தான் வரும்," என்று முதலாளியிடமே சொன்னார். மாஸ்டரும் ஒரு நாள் இறங்கிப் பார்த்தார். சாயம் போடத் தெரிந்தவருக்குத் தறி நாடா ஓட்டத் தெரியாது. அறுந்த இழைகளை முடிச்சுப் போட ஒரு பொழுது ஆயிற்று. அதன்பிறகு அவரை யாரும் தறிப்பக்கம் விடவில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை, டாக்டர் சொன்னது நடந்தது. பழனிச்சாமிக்கு வலி நின்றுவிட்டது. "நல்லாயிருச்சுங்க, இனி எதுக்குங்க போய்க்கிட்டு," என்று தறியில் உட்கார்ந்துவிட்டான். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வலி இல்லாதபோது பல்லை நினைக்கிற பழக்கம் எங்களில் யாருக்கு இருந்தது?

மாஸ்டர் வீட்டுக்குப் போனார். உடுப்பு மாட்டினார். கார்னெட்டை எடுத்துக்கொண்டு பழனிச்சாமியின் தறிவீட்டு வாசலில் வந்து நின்று, தேர் நிலையைவிட்டுக் கிளம்பும்போது வாசிக்கிற அணிநடைப் பாட்டை ஊதத் தொடங்கினார். பட்டப்பகல், செவ்வாய்க்கிழமை, தேரும் இல்லை திருவிழாவும் இல்லை. நாய்கள் குரைத்தன. பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "யாருக்குங்க கல்யாணம்?" என்றார் ஒருவர். "பழனிச்சாமி பல்லுக்கு," என்றார் அந்தோணி அண்ணன். மானம் போகிற சத்தத்தைவிட டாக்டரின் நாற்காலி மேல் என்று நினைத்திருப்பான். பழனிச்சாமி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தான். கடைவீதி வரைக்கும் மாஸ்டர் ஊதிக்கொண்டே நடந்தார். அதற்கப்புறம் ஒரு செவ்வாயும் தவறவில்லை.

கம்பியை அவிழ்த்த அன்று டாக்டர் சின்ன சுத்தியால் அந்தப் பல்லைத் தட்டிப் பார்த்தார். கெட்டியாக ஒலித்தது. "ஊன்றிடுச்சு. உங்க ஊர்ப் பல்லு நிறந்தான் மட்டம், பழனிச்சாமி. உள்ள நல்ல உறுதி."

"அப்ப நான் சொன்னது தப்புங்களா?" என்றார் மாஸ்டர்.

"தப்புதான்."

"சுத்தமாத் தப்புங்களா?"

"சுத்தமாத் தப்பு மாஸ்டர்."

அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. கீழே இறங்கும்போது படிக்குப் படி அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தப் படிகளிலேயே அவர் மனசில் அடுத்த பேரமும் முடிவாகியிருக்க வேண்டும். அந்த வருடம் டாக்டரின் மகளுக்குக் கல்யாணம். வாசிப்பதற்கு மாஸ்டர் ஒப்புக்கொண்டது ஒரே நிபந்தனையில். செட்டில் உள்ள எல்லோரையும், டிரம்காரனையும் சேர்த்து, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். இருவர் இருவராகப் போனோம். என் முறை வந்தபோது பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண், கன்னம் பூசணிக்காயாக வீங்கி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எந்தப் பல்லு சாமி?"

"எதுவுமில்லீங்க. சும்மா வந்தேன்."

போலீஸ் ஸ்டேஷனுக்குச் சும்மா வந்தவனைப் பார்ப்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். அவள் பல்லை அன்றைக்கு எடுத்துவிட்டார்கள். நான் கழுவித் துடைத்த வாயோடு வெளியே வந்தேன். அவள் வாசலில் போய் ஊத எங்களிடம் இன்னொரு மாஸ்டர் இல்லை.

மாஸ்டரின் வெள்ளைச் சரம் நாலைந்து வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அவிழத் தொடங்கியது. விட்டுக்கொடுத்த முறைகளை அவர் திரும்பக் கேட்கவில்லை. டாக்டரே இரண்டு முறை சொல்லி அனுப்பியும் போகவில்லை. "எம்பட வாயப் பாக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். சொன்னது சொன்னதுதான்." பிடிவாதமா, வீம்பா, பழைய பண்டமாற்றுக்குச் செலுத்திய வட்டியா? எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் அவர் கார்னெட் இரண்டு முறை சத்தம் வராமல் வெறும் காற்றாகப் போனது. நிறுத்தினார். தன் கட்டைவிரலால் தன் உதட்டையே புரட்டி, தன் பல்லையே ஆட்டிப் பார்த்தார்.

"நிக்காது," என்றார், யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல. கார்னெட்டைப் பழனிச்சாமியிடம் நீட்டினார்.

பின்வரிசையிலிருந்து அந்தோணி அண்ணன் குரல் வந்தது. "வாங்க மாஸ்டர், வாங்க. யூஃபோனியம் ஜால்ரான்னு எதுக்கு ஊரச் சுத்திக்கிட்டு? நேரா இங்கயே வாங்க. பெரிய டிரம்முக்கு ரெண்டு பக்கம் இருக்குது."

அந்த வருடத்து மாதா தேரை நான் எதற்காகவும் மறக்கமாட்டேன். முன்னால் பழனிச்சாமி, முதல் கார்னெட், வெயிலில் நிமிர்ந்த முதுகு. பாட்டுக்குப் பாட்டு திரும்பிச் சிரிக்கும்போது அந்தப் பழுப்புப் பல்வரிசை, ஒன்றும் குறையாமல். நடுவில் சைடு டிரம்மோடு நான். எல்லோருக்கும் பின்னால், தேர்வடத்துக்குச் சற்று முன்னால், பெரிய டிரம்மை நடுவில் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு கிழவர்கள், ஆளுக்கொரு பக்கம். ஒருவர் அடித்து முடிக்குமுன் இன்னொருவர் அடித்துவிடுவார். தாளம் குடிகாரன் நடை போட்டது. இரண்டு பேரும் முன்பல் போன வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே வந்தார்கள். டிரம்மின் வெள்ளைத் தோலில் ஒரு பக்கம் முழுக்க நீலக் கைத்தடம்.

ஒவ்வொரு தெரு திரும்பும்போதும் பின்னாலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டார்.

"டேய், சைடு டிரம்மு! இருக்குதா?"

நான் குச்சி நிற்காமல் தலையைத் திருப்பி, முன்பல் இரண்டையும் காட்டினேன்.

"இருக்குதுங்க மாஸ்டர்!"

"ஆறு மாசம் ஆச்சா?"

"செவ்வாக்கிழமை போறனுங்க!"

எனக்கு இப்போது நாற்பத்தேழு. போன வாரமும் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். டாக்டர் வேறு, பெஞ்சு வேறு, பக்கத்தில் துண்டு கட்டிய கன்னம் மட்டும் அதே கன்னம். எந்தப் பல் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன். திரும்பி வரும் வழியில் எங்கோ ஒரு கல்யாண ஊர்வலம், பெரிய டிரம்மின் சத்தம். தெருமுனையில் என்னையறியாமல் தலையைத் திருப்பிப் பல்லைக் காட்டிவிட்டேன். எதிரே வந்த சைக்கிள்காரர் யாரோ தெரிந்தவர் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.